கருடனைக் கூப்பிட்டவன்

கோழிகளுக்குச் சத்தம் ஆகாது என்பது எனக்குத் தெரியாது. மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். சத்தம் என்றால் எல்லாருக்கும் சந்தோஷம் என்று நினைத்தே வளர்ந்துவிட்டேன்.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்த்தோம். ஏரிக்கரை இலுப்பை மரத்தில் ஒரு ஜோடி கருடன் கூடு கட்டியிருந்தது. செம்மண் நிறத்தில் சிறகு, வெள்ளைக் கழுத்து. பார்த்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். நானும் போட்டுக்கொள்வேன். கன்னத்திலிருந்து கையை எடுப்பதற்குள் என் குஞ்சு ஒன்றைத் தூக்கியிருக்கும். வெறும் பருந்து என்றால் உண்டிவில்லால் அடிக்கலாம். இது பெருமாளின் வாகனம். கல்லெடுத்தால் ஊர் சும்மா விடாது.

அதனால் கோழிக்கூண்டுக்கு மேலே ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டினேன். அடுப்படி ஜன்னலில் மைக்கோடு உட்கார்ந்து, நிழல் விழுந்ததும் முழு வால்யூமில் "போ, போ, போ" என்று கத்தினேன். கருடன் சாவகாசமாகக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. கோழிகள்தான் அரண்டு பறந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் ராசாங்கத்தின் கிணறு. பாதிக் கோழிகள் அதில் போய் விழுந்தன.

ராசாங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவனுடைய அப்பா எங்கள் வயலில் கூலிக்கு நின்றவர். இவன் டிராக்டர் ஓட்டப் போய், பிறகு சொந்தமாக டிராக்டர் வாங்கி, எங்கள் அப்பா விற்ற அந்த வயலையும் கிணற்றையும் முறைப்படி விலை கொடுத்து வாங்கினான். அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

அன்றைக்கு அவன்தான் கூடையோடு கிணற்றில் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்தான். தன் துண்டாலேயே துடைத்தும் விட்டான். அதற்குள் வேலியோரம் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசிக் கோழியை என் கையில் கொடுக்கும்போது சொன்னான்: "மைக்கண்ணே, நீங்க பேசுறதைக் கேக்கறதுக்குச் செத்துப்போலாம்னு முடிவு பண்ணிடுச்சுங்க போலருக்கு."

நல்ல ஜோக். நான் சொல்லியிருக்க வேண்டியது. ஊரில் ஜோக் சொல்கிறவன் நான். இருபது வருஷமாக மற்றவர்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தவன். ஜோக் எப்படிப் பரவும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்தது. அடுத்த மாதம் அரும்பாவூரில் ஒரு கல்யாணம். மேடையேறி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். பந்திப் பக்கமிருந்து யாரோ கோழி மாதிரி கொக்கரித்தார்கள். மணமகளே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எந்த ஊரில் மைக்கைத் தட்டினாலும் ஒரு கொக்கரிப்பு வந்தது.

நான் மனுஷர்கள் மேல் வன்மம் வைக்கிறவன் இல்லை. எனவே அதைக் கருடன் மேல் வைத்தேன்.

அந்த வருஷம், தொண்ணூற்றொன்பதில், எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காவிரித் தண்ணீர்க் குடத்தை ஊர்க்காரர் ஒருவர் தலையில் ஏற்றிக்கொண்டு, சாரத்தின் வழியாகக் கோபுர உச்சிக்கு ஏறி, பட்டர் கையில் கொடுக்க வேண்டும். கருடன் வந்து கோபுரத்தைச் சுற்றிய பிறகுதான் பட்டர் குடத்தை வாங்கித் தண்ணீரை ஊற்றுவார். போன கும்பாபிஷேகத்தில் குடம் தூக்கியவர் எங்கள் அப்பா. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், அவ்வளவுதான். இந்த முறை ராசாங்கத்துக்கு என்று முடிவானது. திருப்பணிக்கு வருஷம் முழுக்கக் கல்லும் மணலும் கூலியில்லாமல் ஓட்டியவன். அவர்கள் தெருவிலிருந்து ஒருவர் குடம் தூக்குவது அதுதான் முதல் தடவை.

அவனும் அவன் மனைவி செங்கமலமும் தாம்பாளத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணே, மைக்குல எம் பேரைச் சத்தமா சொல்லணும். எங்கம்மாவுக்குக் காது மந்தம்" என்றான்.

"உங்க வாயால வந்தாத்தாங்க அதுக்கு மரியாதை" என்றாள் செங்கமலம்.

"கோழியெல்லாம் கிணத்துல விழுந்துடுமேப்பா" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். என் வீட்டுக்காரி அம்சவள்ளி காப்பி கொடுத்தாள். அவர்கள் போனதும் நான் கோழிகளைப் பார்க்கப் போனேன்.

கழிச்சல் நோயில் செத்த குஞ்சு ஒன்று கிடந்தது. பருத்திக்கு அடிக்கிற மருந்தை அதன் மேல் தடவினேன். உயிரோடு இருக்கிற குஞ்சுக்குத் தடவ மனசு வரவில்லை. எனக்குக் கொஞ்சம் இளகின மனசு. குஞ்சைக் கூண்டின் மேல் வைத்தேன். கருடன் வந்தது, தூக்கியது, போனது. கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் காலையில் அது ராசாங்கத்தின் எருக்குழியில் செத்துக் கிடந்தது.

ஜோடியில் மிஞ்சியது அன்று முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது. அந்தக் குரலைக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்சவள்ளியிடம், பாவம், அதுக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல என்றேன். சாயங்காலம் அது ஏரியைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

மறுநாள் கோயிலைச் சுற்றி இடமில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ஜனம் வந்திருந்தது. ராசாங்கம் புது வேட்டி கட்டி, தலையில் பித்தளைக் குடத்தோடு சாரத்தில் ஏறினான். வாக்குக் கொடுத்தபடி அவன் பேரைச் சொன்னேன். குழாய் கிழிகிற மாதிரி, மூன்று தடவை சொன்னேன். கூட்டத்தின் ஓரத்தில் அவன் அம்மா மருதாயி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டது. அந்த நேரத்தில் என் கண் கலங்கியது உண்மை.

பிறகு எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். "கருடாழ்வார் இதோ எழுந்தருளப் போகிறார், பக்தகோடிகள் பொறுமையாக இருக்கவும்" என்று அறிவித்தேன். ஒரு காக்கை வந்தது. இரண்டு கொக்கு போயின. வெயில் ஏறியது. பட்டர் மேலிருந்து, பேசிக்கொண்டே இரு என்று கை காட்டினார். பேசினேன். பெருமாளின் பெருமை, ஊரின் பெருமை, ஏரியின் பெருமை எல்லாம் பேசினேன். நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர், குடம் தூக்க வேண்டியவங்க தூக்கியிருந்தா இந்நேரம் வந்திருக்கும் என்று முணுமுணுத்தார். மைக் அருகே நின்றதால் அது பாதிக் கூட்டத்துக்குக் கேட்டுவிட்டது.

பேச விஷயம் தீர்ந்தால் நான் எப்போதும் ஒரு ஜோக் சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன்.

"கருடனை ஏன் மேல தேடுறீங்க? ராசாங்கத்தைக் கேளுங்க. அவன் எருக்குழியில நேத்துலேருந்து படுத்திருக்காரு."

சிரித்தார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள். யாரோ ஒருவன் விளையாட்டாக ஓடிப்போய்ப் பார்த்து, சிறகைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அப்போது சிரிப்பு நின்றது. ராசாங்கமும் கோழி வளர்க்கிறவன். அவன் கொட்டகையிலும் பருத்தி மருந்து உண்டு. யாரும் அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டும். கருடன் எருக்குழியில் விழவில்லை. என் கொல்லையில்தான் விழுந்தது. வேலியைத் தாண்டி எடுத்துக்கொண்டு போய்ப் போட்டவன் நான். அங்கேயே கிடந்தால் கோழிகள் கொத்தும், அவற்றுக்கும் விஷம் ஏறும். கோழிகளைக் காப்பாற்ற வேண்டுமே.

ராசாங்கம் மேலிருந்து, "அண்ணே, நான் இல்லைண்ணே. நீங்க சொல்லுங்கண்ணே" என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். நான் சொல்வதற்குள் கீழே யாரோ சாரத்தின் சவுக்குக் கம்பைப் பிடித்து ஆட்டினார்கள். பிறகு பலர் ஆட்டினார்கள். அவன் ஒரு கையை விட்டுச் சாரத்தைப் பிடித்திருக்கலாம். இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். அவன் விழுந்த சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டதாம்.

இடுப்பெலும்பு உடைந்தது. கேஸ் கீஸ் எதுவும் ஆகவில்லை. கால் தவறி விழுந்தான் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நானும் சொன்னேன். படுத்த படுக்கையானவனை வைத்துக்கொண்டு அவர்களால் ஊரில் இருக்க முடியவில்லை. வயலை விற்றுவிட்டு, செங்கமலத்தின் தம்பி லாரியில் வேலை செய்கிற அரியலூருக்குப் போய்விட்டார்கள். அந்த வயலை நான் வாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாங்கியது என் மச்சான்.

கோழிகள் பெருகின. ஒரு குஞ்சுகூடப் பறிபோகவில்லை. மைக்கைத் தட்டினால் யாரும் கொக்கரிப்பதுமில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி என்னோடு இருந்தது. அம்சவள்ளியிடம், "நான் செஞ்சது தப்பா?" என்று கேட்டேன். "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போனாள். பட்டரிடம் கேட்டேன். எல்லாம் பெருமாள் சித்தம் என்று துளசி கொடுத்தார். டீக்கடையில் கேட்டேன். நான் வாயைத் திறந்ததுமே சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். ஜோக் சொல்கிறவனுக்கு இதுதான் கஷ்டம். நேராக ஒரு பதில் கிடைக்காது.

இரண்டு வருஷம் கழித்து ராசாங்கம் இறந்துபோனான் என்று தகவல் வந்தது. துக்கம் கேட்க பஸ் ஏறினேன். அரியலூரில் சிமெண்ட் லாரிகள் வரிசையாக நிற்கிற ஒரு தெரு. ஓடுகூட வெள்ளையாகத் தூசி படிந்த வீடு. மருதாயி உள்ளே படுத்திருந்தது. செங்கமலம் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். செத்த குஞ்சு, மருந்து, எருக்குழி, ஜோக். ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது.

"கோழிங்களுக்காகத்தான் வெச்சேன் செங்கமலம். குஞ்சு குஞ்சாத் தூக்கிட்டுப் போச்சு, எத்தனை நாள் பொறுக்கிறது? மத்ததெல்லாம் வாய்த் தவறு. நான் வேணும்னு செய்யலைதானே?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"கோழிக்காக நீ ஒண்ணும் செய்யலை. உங்கப்பன் தூக்குன குடத்தை எம் புருசன் தூக்கிட்டாரு. அதுக்காகக் கொன்ன."