ஐந்தாவது கேமரா

புதுக் கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஐயா. வண்டியிலேயே கேமரா இருக்கிறதே, தனியாக இன்னொன்று எதற்கு? பத்தொன்பது வருஷமாகக் கார் அக்சசரீஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் சீட் கவர் என்ன நிறத்தில் போடலாம் என்று கேட்டார்கள். இப்போது இதைக் கேட்கிறார்கள். உங்கள் ஜீப்பிலும் இல்லை, ஸ்டேஷனுக்குள் வரும்போது பார்த்தேன். தொழில் புத்தி, எந்த வண்டியைக் கண்டாலும் கண் முதலில் முன் கண்ணாடிக்குத்தான் போகிறது.

என் தங்கையின் கணவரும் அதையேதான் கேட்டார். உங்களுக்கு அவர் கோப்பில் இருக்கிற ஒரு பெயர். எனக்கு மாப்பிள்ளை. தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. வீட்டுக்கு ஒரு மிக்ஸி வந்தால்கூட அதோடு வருகிற கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். நாங்கள் அதற்காக அவரைக் கிண்டல் செய்வோம். கோபமே வராது அவருக்கு.

கார் வந்த மறு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் நிறுத்தி வைத்து எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒன்று, இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் அடியில் ஒவ்வொன்று.

"நாலு இருக்கு மச்சான். அஞ்சாவதா ஒண்ணு மாட்டிக் காரைக் கெடுக்கணுமா?"

"சரி மாப்பிள்ளை. நேத்து காலைல இந்தக் கேட்டை விட்டு வெளிய வந்தீங்களே, அதைக் கொஞ்சம் காட்டுங்க பாப்போம்."

திரையைத் தட்டினார், தடவினார். அரை மணி நேரம். என் தங்கை மகள் பின் சீட்டில் ஏறி நின்றுகொண்டு, "அப்பாவால முடியலை, அப்பாவால முடியலை" என்று பாட்டாகவே பாடினாள். ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

கடைசியில் நான்தான் சொன்னேன். இந்த நாலு கேமராவும் அந்த நேரத்துக்குக் காட்டும், அதோடு சரி. எதையும் பதிந்து வைக்காது. சில வண்டிகளில் பதியும், இவர் வாங்கியதில் இல்லை. நாளைக்கு எவனாவது வந்து இடித்துவிட்டு நீதான் இடித்தாய் என்றால், நாலு கண் இருந்தும் நமக்குச் சாட்சி கிடையாது. அவர் விடவில்லை. பேட்டரி இறங்காதா, வயரை வெட்டினால் வாரண்டி போய்விடாதா, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சென்சாரை மறைக்காதா என்று வரிசையாகக் கேட்டார். நானும் விடவில்லை. ஒரு வயரைக்கூட வெட்டாமல் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே கரண்ட் எடுத்தேன். சென்சாரை மறைக்காமல் நடுக் கண்ணாடிக்கு இடது பக்கம் ஒட்டினேன். உள்ளே பேசுவதையும் பதிகிற மாதிரி, கடையில் இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்துப் போட்டேன். என் தங்கையும் பிள்ளையும் போகிற வண்டி ஆயிற்றே.

இதைச் சொல்வது எதற்கென்றால், அவருக்குக் கெடுதல் நினைத்தவன் அப்படி மல்லுக்கு நின்று ஒரு கேமரா மாட்டியிருக்க மாட்டான். நீங்கள் எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேறு யாரும் இல்லை, ஐயா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இரவுச் சாப்பாடு தினமும் அங்கேதான். வாலு பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வருவாள். மிதியடி ரோல்களுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு சின்ன மேசை போட்டிருந்தேன். வீட்டுப்பாடம் அங்கேதான் எழுதுவாள், எழுதாமல் என்னை எழுத வைப்பாள். வருகிற வாடிக்கையாளர்களிடம், "எங்க மாமாகிட்ட பேரம் பேசினா அவர் அழுதுடுவாரு" என்று சொல்லி வைப்பாள். அவள் வந்து பையைத் தொப்பென்று போடுகிற சத்தத்துக்காகத்தான் நான் காலையிலேயே கடை திறந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக்கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நாலரை மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். குரல் அவர் குரலாகவே இல்லை.

"மச்சான், ஒருத்தர் மேல மோதிட்டேன். கண்ணைத் திறக்க மாட்டேங்கறாரு. கொஞ்சம் வாங்களேன்."

மோதல் நடந்த நாலுமுனைச் சந்திப்பு கடையிலிருந்து பத்து நிமிஷம். நான் போனபோது மோட்டார் சைக்கிள்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ரத்தம். அவருடையது இல்லை, அந்த மனிதரைத் தூக்கப் போனபோது ஒட்டியது. கூட்டம் காரைச் சுற்றி நின்று தட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் போலிருந்தது. நான் உள்ளே ஏறிக் கேமராவிலிருந்து, படம் பதிகிற கார்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பத்திரப்படுத்தத்தான் எடுத்தேன். சத்தியமாக அப்போது வேறு எண்ணம் இல்லை. உங்கள் ஆட்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. பச்சை விளக்கு தெளிவாகத் தெரிகிறது. வலது பக்கத்திலிருந்து அந்த மோட்டார் சைக்கிள் சிவப்பைத் தாண்டிப் பாய்ந்து வருகிறது. மாப்பிள்ளை பிரேக் போடுகிறார். எந்த மனிதனாலும் நிறுத்தியிருக்க முடியாது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. உடனே உங்களுக்குச் சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தேன்.

ஆனால் மோதலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன். அதைச் செய்திருக்க வேண்டாம்.

காரின் ஸ்பீக்கரில் என் தங்கையோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறார். அவருக்கு வெளிநாட்டில் வேலை உறுதியாகிவிட்டது. மூன்று பேருமாகப் போகிறார்கள். இரண்டு மாதத்தில்.

"அண்ணாகிட்ட எப்பங்க சொல்றது?" என்கிறாள் அவள்.

"நான் சொல்றேன். கடைக்கே போய் நேர்ல உக்காந்து சொல்றேன். பாவம், மனுஷன் தாங்கணுமே."

"எனக்கும் பாவமாதான் இருக்கு. ஆனா உண்மையச் சொல்லட்டுமா? போனாக் கொஞ்சம் மூச்சு விடலாம்னு இருக்கு. தினம் தினம் வந்து உக்காந்துடறாரு. என் பொண்ணு எனக்குன்னு ஒரு சாயங்காலம் கெடைக்க மாட்டேங்குது."

"சே, அப்படியெல்லாம் சொல்லாத. நமக்காகவே வாழ்ந்தவரு. பச்சை விழுந்துடுச்சு, வெக்கறேன், வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

அதற்குப் பிறகு நாலு நொடி. அப்புறம் அந்தச் சத்தம்.

அதைப் பதினோரு முறை கேட்டேன். பிறகு கார்டை எடுத்து, சின்ன ஸ்க்ரூ போட்டு வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன். நான் அதை உடைக்கவில்லை, அழிக்கவில்லை. வைத்திருந்தேன், அவ்வளவுதான். கார்டும் என் கடைக் கார்டுதான்.

மறுநாள் உங்கள் ஆள் கேட்டபோது, போன ஞாயிறு கார்டைச் சுத்தம் செய்ய எடுத்தேன், திரும்பப் போட மறந்துவிட்டேன் என்று சொன்னேன். என் தங்கை பக்கத்தில்தான் நின்றாள். நான் அழுதேன், ஐயா. அது நடிப்பு இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கண்ணா. வேணும்னா செஞ்சீங்க? எல்லாம் எங்க நேரம்."

ஒரு சின்னத் தப்பை ஒப்புக்கொண்டவனை யாரும் பெரிய தப்புக்குச் சந்தேகப்படுவதில்லை. இதை யோசித்துச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம், வாயில் அப்படி வந்துவிட்டது.

கார் கம்பெனிக்கு நீங்கள் எழுதிக் கேட்டீர்கள். இந்த மாடலில் உள்ள கேமராக்கள் எதையும் சேமிப்பதில்லை என்று பதில் வந்தது. மாப்பிள்ளைக்கு நான் வாசலில் வைத்துச் சொன்ன அதே விஷயம், லெட்டர் பேடில். பஸ் நிறுத்தத்தில் நின்ற மூன்று பேர், கார்தான் சிவப்பில் வந்தது என்றார்கள். சத்தம் கேட்ட பிறகு திரும்பிப் பார்த்தவர்கள் அவர்கள். பச்சை விழுந்தது என்று அவர் போனில் சொன்னதை என் தங்கை கோர்ட்டில் சொன்னாள். மனைவி வேறு எப்படிச் சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள். என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று வக்கீல் கேட்டபோது, "வீட்டு விஷயம்" என்றாள். சொல்லும்போது என் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு என்மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டு வருஷம் போட்டார்கள். வெளிநாட்டு வேலை போயிற்று. இறந்துபோன அந்த மோட்டார் சைக்கிள்காரரின் மனைவி கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது மாப்பிள்ளையைப் பார்த்து, நீ நல்லா இருப்பியா என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் தன் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்ற நிம்மதி இருக்கிறது. இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவருக்காவது அதில் ஓர் ஆறுதல் இருந்தது.

அதற்குப் பிறகு தங்கை முழு நேர வேலைக்குப் போனாள், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வாலு என் பொறுப்பு. காலையில் தலை வாரிவிட்டு, டிபன் கட்டி, பள்ளியில் விட்டு, மாலையில் அழைத்து வந்து, எல்லாம் நான்தான். ரெட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டேன். அவள் முன்னைப் போலப் பாட்டுப் பாடவில்லை. அதுபோகக் குறையொன்றும் இல்லை. என் வாழ்நாளில் நான் நிறைவாக இருந்தது அந்த ஏழு மாதம்தான். சொல்லக் கூசுகிறது, ஆனால் எல்லாவற்றையும் சொல்லத்தானே வந்தேன்.

ஜெயிலுக்கு மாதம் ஒருமுறை போவேன். ஆறாவது முறை போனபோது மாப்பிள்ளை மிகவும் இளைத்திருந்தார். வாலு வரைந்த படத்தைக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"மச்சான், ஒண்ணு கேட்டாத் தப்பா நெனக்காதீங்க. கார்டு இல்லாம வண்டியை ஸ்டார்ட் பண்ணா அந்தக் கேமரா மூணு தடவை கத்தும். புஸ்தகத்துல போட்டிருக்கு. நீங்க எடுத்தேன்னு சொன்னீங்களே, ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமையும் கத்தலை, செவ்வாக்கிழமையும் கத்தலையே."

அந்தச் சத்தத்தை அணைத்து வைக்க வழி உண்டு. ஆனால் நான் யாருக்கும் அணைத்துக் கொடுப்பதில்லை. கார்டு இல்லையென்றால் அது கத்தித்தான் ஆக வேண்டும், அதுதான் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு என்பேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், பொய் சொல்லும்போது எனக்கே நினைவுக்கு வராமல் போய்விட்டது.

"அது நான் ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன் மாப்பிள்ளை" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்படியா. சரி மச்சான். வாலுவைப் பாத்துக்குங்க. அவங்கம்மாகிட்ட இதையெல்லாம் பேச வேண்டாம், அவளுக்குன்னு இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

தெரிந்துவிட்டது அவருக்கு. தெரிந்தும் சொல்லாமல் விட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகை. நாளைக்கே கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது நிஜம். மறுநாள் பள்ளியில் ஆண்டு விழா, வாலுவுக்கு உடை தைத்து வாங்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் கடையில் வேலை. அப்படியே தள்ளிப்போனது. மூன்றாவது வாரம் ஜெயிலிலிருந்து ஆள் வந்தது. காலையில் நெஞ்சு வலி என்றாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தோரு வயது. கொள்ளி வைக்க ஆண் பிள்ளை இல்லாததால் நான்தான் வைத்தேன்.

இதோ, டப்பா. உள்ளே கார்டு இருக்கிறது. பதினாலு மாதமாகக் காற்றுப் படாமல் வைத்திருக்கிறேன், எல்லாம் அப்படியே இருக்கும். பச்சை விளக்கு, மோட்டார் சைக்கிள், அவர்கள் பேச்சு, எல்லாம். இது இருந்திருந்தால் மாப்பிள்ளை ஒரு நாள்கூட உள்ளே இருந்திருக்க மாட்டார். உயிரோடு இருந்திருப்பார். அவரைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் பெயரில் இருக்கிற களங்கம் போக வேண்டும். அதற்காக மட்டும்தான் வந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இவ்வளவு நாள் விட்டு இன்றைக்கு ஏன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சிக்கு நாள் நட்சத்திரம் உண்டா, ஐயா. முந்தாநாள் என் தங்கை கடைக்கு வந்தாள். அந்தச் சின்ன மேசையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, எனக்கு வெளிநாட்டுல லேப் வேலை கெடைச்சிருக்கு. நானும் பொண்ணும் கெளம்பறோம். இங்க எதைப் பாத்தாலும் அவரு ஞாபகம்தான்" என்றாள். வியாழக்கிழமை விமானம். வாலுவுக்குப் புதுப் பெட்டிகூட வாங்கியாயிற்று. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவள் வாழ்க்கை அவளுக்கு. அதற்கும் நான் இன்று வந்ததற்கும் சம்பந்தம் கிடையாது.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும், சட்டம் தெரியாதவன் என்பதால் கேட்கிறேன். இந்த வழக்கை நீங்கள் மறுபடி எடுத்தால், அன்றைக்குப் போனில் பேசியவள் என்று என் தங்கையை விசாரிக்க வேண்டியிருக்கும். விசாரணை முடிகிறவரை அவளும் குழந்தையும் ஊரை விட்டுப் போக முடியாதுதானே?