தேநீர் ஆறுவதற்குள்

மேடையில் வீற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, என் சக செவிலியர்களே, வார்டு ஊழியர்களே, முன்வரிசையில் கண்கலங்கி அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே!

நம் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி மறைந்துவிட்டார். அப்படிப் பதவியைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. 'ஆறுறதுக்குள்ள அக்கா' என்று சொல்லுங்கள், வாயிற்காவலர் வரைக்கும் எழுந்து நிற்பார்! கூட்டத்தில் யார் எந்த யோசனை சொன்னாலும், "நல்லா இருக்கு. கையில இருக்கற டீ ஆறுறதுக்குள்ள ஆரம்பிச்சிடு" என்பார். எத்தனை பேர் நாக்கைச் சுட்டுக்கொண்டு ஓடியிருக்கிறோம்!

ஒரு நாள் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வழி தெரியாமல் அலைகிறார்களே, தரையில் கோடு போட்டால் என்ன என்று கேட்டேன். கணக்குப் பிரிவு அதிகாரி, "அதுக்கு ஒரு குழு போடலாமே" என்றார். அக்கா கேட்டாரா? ஸ்டோரிலிருந்து நீல டேப்பை வரவழைத்தார். என் கையில் ஒரு முனையைத் திணித்துவிட்டு, கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு தரையில் மண்டியிட்டார்.

அந்த வேகத்தில் என்ன நடந்தது தெரியுமா? இடதுபக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அக்கா வலதுபக்கம் திரும்பிவிட்டார்! வெறும் வயிற்றோடு வந்தவர்கள் எல்லோரும் வரிசையாகக் கேண்டீனில் போய் நின்றார்கள். ஒரு பெரியவர் சாப்பிட்டே முடித்துவிட்டு, "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி இப்படிக் கவனிக்கற ஆஸ்பத்திரிய நான் பார்த்ததே இல்லம்மா" என்று கைகூப்பினார்!

எனக்கு மானம் போயிற்று. அக்காவோ வயிறு வலிக்கச் சிரித்தார். "குழு போட்டிருந்தா இந்தத் தப்பு நமக்கு எப்பம்மா தெரிஞ்சிருக்கும்? பிய்ச்சுட்டு மறுபடியும் ஒட்டு" என்றார். அன்று மாலைக்குள் நீலக்கோடு சரியான கதவில் போய் நின்றது. பிறகு மருந்தகத்துக்காரர்கள் தாங்களே வந்து பச்சை டேப் கேட்டார்கள். எக்ஸ்ரே பிரிவு மஞ்சளுக்குச் சண்டை போட்டது. உத்தரவு போட்டு வருமா இந்த ஆசை?

கடைசியாக அவர் தொடங்கியது சிவப்புக்கோடு. வாசலிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. படிக்கட்டு வரை வந்தபோது உடம்பு படுத்தியது. வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. கோடு அங்கேயே நிற்கிறது. நேற்று ஒரு தகப்பன், மூச்சுத் திணறும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் கோடு முடிகிற இடத்தில் நின்று தவித்தார். நல்லவேளை, நான் அந்தப் பக்கம் வந்தேன். நாளைக்கு யார் வருவார்?

சற்றுமுன் பேசியவர்கள் நினைவுக் குழு அமைக்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம் என்று தலைமை மருத்துவர் சொன்னார். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள்! அக்கா இருந்திருந்தால் உங்களை உட்கார விட்டிருப்பாரா?

எனக்கும் துக்கம்தான். ஆனால் கை துறுதுறுக்கிறதே, என்ன செய்வேன்! உங்கள் கையில் தேநீர் இருக்கிறது, இன்னும் ஆவி பறக்கிறது. என் பையில் சிவப்பு டேப் இருக்கிறது. மௌன அஞ்சலியை இங்கே நின்று செலுத்த வேண்டாம், படிக்கட்டருகே மண்டியிட்டுச் செலுத்துவோம். மாமா, முதல் முனையை நீங்கள் பிடியுங்கள். எல்லோரும் எழுந்திருங்கள்! இந்த முறை கேண்டீன் பக்கம் திரும்பாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.