சந்தேகக் குறி

“மாசத்துக்கு ஒரு தடவை மீட்டர் பார்க்கிறவன் நம்ம வீட்டுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு தடவை வரான்?”

“மீட்டர் ஓடலைன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். கேட்டுட்டுக் கத்துங்க. யாரு உங்க காதுல ஓதினது?”

“கப்பல்ல சமையல்காரன் சொன்னான். அவன்கிட்ட யார் சொன்னாங்கன்னு இந்தப் பயணத்துல வாயைக் கிண்டித் தெரிஞ்சுக்கிறேன். வியாழக்கிழமை திரும்பி வந்ததும் சொன்ன ஆளை இந்த வாசல்லயே நிக்க வெச்சுக் கேக்கிறேன், இரு.”

“கேளுங்க. தெருவே கேக்கட்டும்!”

பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையை நான் ஒட்டுக் கேட்கவில்லை ஐயா. எங்கள் இரண்டு சமையலறைகளுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே பால் பொங்கினால் இங்கே அடுப்பைத் தணிக்கத் தோன்றும்.

சமையல்காரரிடம் சொன்னது நான்தான். ரொட்டிக் கடை வரிசையில், பேச்சோடு பேச்சாக. மீட்டர்காரர் வாட்டசாட்டமான ஆள். இரண்டாவது தடவை இருபது நிமிடம் உள்ளே இருந்தார். பார்த்ததைச் சொன்னேன், சேர்த்தது கொஞ்சம்தான்.

கடல் வானிலை அலுவலகத்தில் எனக்குப் பதினாறு வருட வேலை. கப்பல்களும், நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிறுத்திய மிதவைகளும் மூன்று மணி நேரத்துக்கொரு தடவை காற்றழுத்தம், காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாம் அனுப்பும். அவற்றைச் சரிபார்த்து முன்னறிவிப்பாளருக்கு அனுப்புவது நான். ஏதாவது ஓர் எண் திடீரென்று துள்ளினால் சந்தேகக் குறி போட்டு நிறுத்தி வைக்க வேண்டும். பக்கத்திலிருந்து இன்னொருவர் அதையே சொன்னால் குறியை எடுத்து இரண்டையும் மேலே அனுப்பிவிட வேண்டும். நல்ல விதி. மிதவைகள் பொய் சொல்லும். மீனவர்கள் அதில் படகைக் கட்டுவார்கள். பறவைகள் அதன்மேல் செய்வதைச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. அறிக்கை அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் போன தடவை எழுதியதையே நேரத்தை மாற்றி அனுப்புவார்கள். இவர் எழுந்து போய்ப் பார்த்து எழுதுகிறவர். அது எனக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய கப்பல் கிளம்பியது. மதியம் அவர்கள் பாதையிலிருந்த மிதவையில் காற்றழுத்தம் ஏழு மில்லிபார் சரிந்திருந்தது; நிஜமானால் புயல். குறி போட்டேன். அரை மணியில் ஓர் எண்ணெய்க் கப்பலும் அதையே சொன்னது. போதாதென்று அதன் அதிகாரி வானொலியில் கூப்பிட்டார்.

“மேடம், என் நம்பர் தப்பில்ல. மூணு தடவை பார்த்துட்டேன். இங்க ஏதோ சரியில்ல. சீக்கிரம் யார்கிட்டயாவது சொல்லுங்க.”

குரல் நடுங்கியது. அவருக்குக் கடல் பயம்; எனக்கு வியாழக்கிழமை பயம்.

“பார்க்கிறோம் சார்,” என்றேன்.

மிதவை ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கிறது. சந்தேகத்தில் இருக்கும் ஒரு சாட்சியை வைத்து இன்னொரு சாட்சியை எப்படி நம்புவது? எண்ணெய்க் கப்பலுக்கும் குறி போட்டேன். நிதானமாக யோசித்தால் உங்களுக்கும் நியாயமாகவே படும்.

முன்னறிவிப்பாளர் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். “தெக்கால ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமில்ல சார். அந்த மிதவை வழக்கம்போல உளறுது.”

“அதுக்கு ஒரு கல்யாணம் பண்ணி வெச்சாத்தான் சரியாகும்,” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் அறிக்கை வந்தது. அழுத்தம் இன்னும் சரிவு, அலை ஐந்து மீட்டர். கீழே ஒரு வரி: “மிதவை சரியாத்தான் சொல்லுது. எச்சரிக்கை ஏன் வரலை?” எச்சரிக்கை இல்லாமல் அந்தக் கப்பல் தலைவர் பாதை மாற்றமாட்டார். மாற்றியிருந்தால் தீவுக்குப் பின்னால் ஒதுங்க நேரம் இருந்தது.

அதற்கும் குறி போட்டேன்.

நான் பயந்த சுபாவம் ஐயா. இதே மாதிரிப் பேச்சால் இரண்டு தெரு மாறிவிட்டேன். மூன்றாவது தடவை சாமான் ஏற்றி இறக்கத் தெம்பில்லை. ஒரு நாள் தாமதமாக வரட்டும், கோபம் ஆறட்டும் என்றுதான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. அவர் வராமலே இருந்தால் நல்லது என்று நினைத்தேன். சமையல்காரரும்தான். கப்பலில் இருந்த மற்ற ஒன்பது பேரைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

ஆறு மணிக்கு அந்தக் கப்பலிலிருந்து அறிக்கை வரவில்லை. மூன்று குறிகளையும் எடுத்துவிட்டேன். அவருடைய கடைசி அறிக்கைக்கு ‘சரி’ போட்டேன். துல்லியமான பதிவு.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி ஓடி வந்தாள். “அக்கா, உங்க ஆபீஸ்ல ஏதாவது சொன்னாங்களா? பயமா இருக்குக்கா.” இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் அவளோடு உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமையும் வந்தது, வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.

முதல் விசாரணையில், அடிக்கடி உளறியதால்தான் யாரும் நம்பவில்லை என்று மிதவையைத்தான் குற்றம் சொன்னார்கள். பதிவில் எல்லாம் ‘சரி’ என்று இருந்தும் கவனிக்கவில்லை என்று முன்னறிவிப்பாளரைக் கடலே கண்ணில் படாத ஒரு மலை ஊருக்கு மாற்றினார்கள். எண்ணெய்க் கப்பல் அதிகாரி கடல் வேலையை விட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் நீங்கள் என்னிடம் வந்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் அண்ணன் ஊருக்குக் குடிபோனாள். காகிதம், கையெழுத்து என்று அவளுக்காக அலைந்தவர் மீட்டர்காரர். போன வருடம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இப்போது நீங்களே சொல்லுங்கள் ஐயா, ரொட்டிக் கடையில் நான் சொன்னது பொய்யா? கொஞ்சம் முன்னதாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.