பொட்டலத்தைப் பெருக்கவிடாத எங்கள் வேண்டாமக்காவுக்கு

எளிமையின் இருப்பிடமே! பொறுமையின் பிறப்பிடமே! எவர் வந்து எது கேட்டாலும் “வேண்டாம்” என்று சொல்லியே எங்களை வாழவைத்த பெருந்தகையே, தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் வணக்கம்! எழுதிய எங்களுக்கும் களைப்பு, நின்று கேட்கும் தங்களுக்கும் களைப்பு. ஆகவே அடைமொழிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம்.

ஒருவர் எழுதிய கணினி நிரலை இன்னொருவர் எடுத்தாள வேறு ஒன்பது நிரல்களை நிறுவி, அந்த ஒன்பதும் ஒன்றோடொன்று மல்லுக்கட்ட, நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலத்தில் ‘பொட்டலம்’ என்னும் முறையை வகுத்துத் தந்தீர்கள். ஒரு கோப்புறை, அதற்குள் பெயரும் பதிப்பு எண்ணும் தாங்கிய ஒரே கோப்பு, ஒருமுறை வெளியிட்ட பதிப்பை எவரும், தாங்களே ஆனாலும், தொடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்! தானாகப் புதுப்பிக்கும் வசதி கேட்டார் மேலாளர். வண்ணத் திரை கேட்டது விற்பனைப் பிரிவு. “வேண்டாங்க. இன்னைக்குச் சேர்த்துட்டா, நாளைக்கு அது உடையறப்ப நீங்களா வந்து பார்ப்பீங்க?” என்றீர்கள்.

இவ்வளவு விவரமான தாங்கள் முதல் பதிப்பிலேயே ஒரு வேலை செய்தீர்களே, தாயே! நிறுவல் தோற்றால் திரையில் வரும் செய்தியின் அடியில், “புரியலைன்னா கூப்பிடுங்க” என்று சொந்தக் கைப்பேசி எண்ணைப் போட்டுவிட்டீர்கள். பத்துப் பேர் பயன்படுத்துவார்கள் என்று நினைத்தீர்கள். ஊர் உலகமே பயன்படுத்தியது. ஊர் உலகமே கூப்பிட்டது. எண்ணை அழிக்கலாமென்றால், வெளியிட்டதைத் தொடக் கூடாதென்ற சட்டம் குறுக்கே நின்றது. சட்டத்தைத் தளர்த்தச் சொன்னோம், வேண்டாம் என்றீர்கள். தங்கள் கைப்பேசிக்கு வேறு எண்ணாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றோம், “நம்பிக் கூப்பிடறவங்க என்ன பண்ணுவாங்க?” என்றீர்கள். பல் பிடுங்கிய அன்றும், மகளின் பட்டமளிப்பின் நடுவிலும், எழுந்து வெளியே போய்ப் பேசினீர்கள். பார்த்துப் பார்த்து எங்களுக்கே அலுத்துப்போனது, அக்கா.

முந்தாநாள் தங்கள் கணவர் வந்தார். மடலில் எதைச் சேர்க்கலாம் என்று அவரிடம் கேட்டோம். “புகழ்ந்ததெல்லாம் போதுங்க. அந்த போன் மட்டும் வீட்டுக்கு வர வேண்டாம். ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வேளை முழுசா சாப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், எங்களால் சிரிக்க முடியவில்லை.

ஆகவே, இம்மடலைப் பெறும் கையோடு அந்தக் கைப்பேசியை எங்களிடம் கொடுத்துவிடுங்கள். முறைவைத்து நாங்கள் எடுப்போம். தெரிந்ததைச் சொல்வோம், தெரியாததற்குத் திட்டு வாங்குவோம். தாங்கள் நோயின்றி, நொடியின்றி, நிறைந்த உறக்கத்தோடு நெடுநாள் வாழ்க!

தங்களுக்குப் புது எண் ஒன்று வரும். அழைப்புகள் தாங்க முடியாத ஒருநாளில் எங்களில் எவரேனும் அதைக் கேட்டுத் தங்கள் வாசலில் வந்து கெஞ்சக்கூடும். கொடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இன்று மாலை முதல் அந்த அழைப்புகளை எடுக்கவிருக்கும்
பொட்டலப் பிரிவு ஊழியர்கள்