வெள்ளிக்கிழமை பேக்கப்

ஏற்காட்டில் ஃப்ளாப்பி சீக்கிரம் கெட்டுப்போகிறது என்று குறை சொல்கிறவர்கள் அதை அலமாரியில் வைக்கிறவர்கள். இங்கே வருஷத்தில் பாதி நாள் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, உட்கார்ந்துவிட்டுத்தான் போகும். பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பி அப்புறம் டீ தம்ளருக்கு அடியில் வைக்கத்தான் ஆகும். பிஸ்கட் டப்பாவில் இரண்டு பிடி வறுத்த அரிசியைப் போட்டு, அதன்மேல் அடுக்கி, மூடியை இறுக்கிவிட வேண்டும். நேற்று உங்கள் ஏட்டு என் கடையிலிருந்து எடுத்துப்போன டப்பா அதுதான், சார். போட்டுப் பாருங்கள், எல்லாம் திறக்கும்.

பெயர் ரஹமத்துல்லா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை. சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். அதற்கு முன் பதினைந்து வருஷம் எங்கள் அத்தாவின் சந்தைக் கடையில் படித்தேன். பிழைக்க உதவியது அந்தப் படிப்புதான். பேரத்தில் பொய் சொல்லாதே, பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய வேலை வேறு சேரும். கேட்டதற்குப் பதில் சொல், கேட்காததை மூட்டைக்குள்ளேயே விட்டுவிடு என்பார் அத்தா. ஷேக் தாவூத் மாமாவிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமா என்பது முறை. என் அம்மா அமீனாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஹாம்பர்க்காரர்கள் இனிமேல் ஈமெயிலில்தான் பேசுவோம் என்று சொன்னதால் தொண்ணூற்றேழில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு, ஈமெயில் முகவரியை மூட்டையிலெல்லாம் அச்சடித்தார். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நான் போவேன். சேலத்து லைனைப் பிடித்து, வந்த கடிதங்களை இறக்கி, அச்சடித்துக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பேக்கப். மூன்று ஃப்ளாப்பி: ஒன்றில் கடிதங்கள், ஒன்றில் முகவரிகள், ஒன்றில் எந்த நாள் எங்கே போக வேண்டும் என்கிற தேதிகள்.

"ஏன்டா ரஹமத்து, பொட்டியில இருக்கறதயே எதுக்கு இன்னொருக்கா எடுக்கற?" என்று முதல் நாள் கேட்டார்.

"இடி எறங்குச்சுன்னா டெலிபோன் கம்பி வழியா உள்ள வந்துருமுங்க மாமா. அப்பப் பொட்டியில ஒண்ணும் இருக்காது. இதுல இருக்கும்."

"அப்ப என்ற நோட்டு?"

"இனி அது எதுக்குங்க."

நாற்பது வருஷம் எல்லா முகவரியையும் கைப்பட எழுதிவந்த நோட்டு. வாங்குகிறவன் முகவரிச் சீட்டைக் கொடுத்தால், கை குலுக்குவதற்கு முன் நோட்டில் எழுதிவிடுகிற மனிதர். அன்று அதைக் கட்டிப் பரண்மேல் போட்டார். எதை நம்புவது என்று ஒரு வியாபாரி முடிவு செய்துவிட்டால் அப்புறம் எடை போட்டுப் பார்ப்பதில்லை.

அவருக்கு ஒரே மகள், ஷஹீதா. தொண்ணூற்றைந்தில் ஒரு மெக்கானிக் பையனோடு பெங்களூர் போய்விட்டாள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். யாரும் எடுக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து அவளே எடுத்தாள். போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் போகத் தாமதமாகிவிட, மாமா தானே பட்டனை அழுத்திப் பார்த்திருக்கிறார். தொப்பிகூட இல்லாமல் மேகத்துக்குள் நடந்து என் கடைக்கு வந்தார்.

"அந்தப் புள்ள எழுதியிருக்குதுடா. பேரன் இருக்கானாம் எனக்கு. அந்த மெக்கானிக்கு உட்டுட்டுப் போயிட்டானாம். ஊட்டுக்கு வரட்டுமான்னு கேக்குது. வரச் சொல்லிரு சாமி. நான் சொல்லச் சொல்ல நீ அடி."

கரண்ட் இல்லை. "நாளைக்கு வர்றனுங்க மாமா" என்றேன். அன்று சாயங்காலம் இடி. மலையில் எல்லா வீட்டிலும் இடிச் சத்தம் கேட்டதும் டெலிபோன் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். மாமா வாசலில் நின்று மகளை நினைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் போனபோது கம்ப்யூட்டரில் கருகிய வாசம். லைனைப் பிடிக்கிற அட்டை எரிந்திருந்தது. கடிதங்கள் இருக்கிற டிஸ்க் தப்பியிருந்தது. "இதையும் மாத்திரலாங்களா மாமா?" என்று கேட்டேன். "நீ சொன்னாச் சரி" என்றார். புது டிஸ்க் போட்டு, மூன்று ஃப்ளாப்பியிலிருந்தும் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். ஹாம்பர்க் வந்தது. கொச்சி வந்தது. முகவரிகள், தேதிகள் எல்லாம் வந்தன.

"புள்ளையோட கடுதாசி?"

"இது வெள்ளிக்கிழமை எடுத்ததுங்க மாமா. அது செவ்வாக்கிழமை வந்தது."

இரண்டும் உண்மை. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நான் தொட்டுத்தான் எரிஞ்சுபோச்சு" என்றார். அது கேள்வி இல்லை. ஆகவே நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை. பெங்களூரில் எந்தத் தெரு என்பதும் அந்தக் கடிதத்தின் அடியில்தான் இருந்தது. அதை அவர் எழுதி வைக்கவில்லை. பேக்கப் இருக்கிறதே.

பழைய டிஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தக் கடிதத்தையும் அவள் முகவரியையும் நான்காவதாக ஒரு ஃப்ளாப்பியில் எடுத்து வைத்தேன். அதன் பிறகு வாரம் ஒன்று, சில வாரம் இரண்டு எழுதினாள். வந்ததை நான்காவதில் சேர்ப்பேன், கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடுவேன். மாமா கதவோரம் நின்று, "வந்துச்சா கண்ணு?" என்பார். "ஹாம்பர்க்லருந்து வந்திருக்குதுங்க மாமா" என்பேன். யாரிடமிருந்து என்று அவர் கேட்டதில்லை. அந்தப் பெயரை எடுப்பதில்லை என்று சொன்னவர் அவர்தானே. அவளுக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

போன் செய்திருக்கலாமே என்பீர்கள். ஏழாவது கடிதத்தில் சொல்லியிருக்கிறாள்: என் குரலைக் கேட்டதும் அத்தா வைத்துவிட்டால் என்னால் தாங்க முடியாது, எழுத்தில் திட்டினால் தாங்கிக்கொள்வேன் என்று.

ஏன் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்.

தொண்ணூற்றுநாலில் என் அம்மாவுக்கு நெஞ்சுவலி. கொட்டச்சேடு பிரிவில் ஒரு கல்மேல் உட்கார வைத்துவிட்டு ரோட்டில் நின்றேன். மாமாவின் ஜீப் வந்தது. டிரைவர் செங்கோடன் ஓட்டிவந்தான், முன் சீட்டில் மாமா. கையைத் தூக்கினேன். ஜீப் நிற்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்த பஸ்ஸில் ஏற்றினோம். மலை இறங்குவதற்குள் அம்மா போய்விட்டாள். மய்யத்தை அடக்க மாமா வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஜீப்பு அனுப்பியிருப்பனே" என்று அழுதார். தேர்ந்த வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன். வாங்க வேண்டியதை வாங்குகிறவரைக்கும் முகத்தில் காட்டக்கூடாது என்று எங்கள் சந்தையில் சொல்வார்கள். நானும் காட்டவில்லை. நான்கு வருஷம்.

முப்பத்தோராவது கடிதம் சின்னது. பதினெட்டாம் தேதி காலை ஒன்பதரைக்குப் பையனோடு அடிவாரத்தில் நிற்கிறேன். நீங்கள் வந்தால் மேலே வருகிறேன். வராவிட்டால் இனிமேல் கேட்க மாட்டேன். அவ்வளவுதான்.

தேதிகள் பக்கத்தில் பதினெட்டைத் திறந்து, பத்து மணி, சேலம், கிடங்கில் சரக்கு பார்வை என்று போட்டேன். வெள்ளிக்கிழமை அச்சடித்துக் கொடுத்ததும் வழக்கம்போல் சுவரில் ஒட்டினார். அன்றைக்குச் செங்கோடனுக்கு லீவு கொடுத்துவிடலாம், நானே ஓட்டுகிறேன் என்றும் சொன்னேன்.

அடிவாரத்தில் இடது பக்கம் புளியமரத்தடியில் நின்றாள். பச்சைச் சேலை. பையன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தேன். இருவரும் சரியாக எதிரெதிரே வருகிற நேரத்தில் வலது பக்கம் நின்ற லாரியைக் காட்டி, "மாமா, அந்த வண்டியில ஏத்தறது யார் மொளகுங்க?" என்றேன். அடுத்தவன் மூட்டையைப் பார்க்காமல் போகிற மிளகு வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. முகத்தை முழுசாகத் திருப்பினார். "மொளகு எங்கடா, அது புளி. கண்ணு தெரியலையா உனக்கு?" என்று சிரித்தார்.

அவள் கை பாதி உயர்ந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். அத்தா தன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும் என்றுதான் செய்தேன். சேலத்து லாட்ஜில் மூன்று நாள் கழித்து இப்படித் தன்னையே முடித்துக்கொள்வாள் என்று நான் கணக்குப் போடவில்லை. பையனைப் பக்கத்து அறைக்காரர்களிடம் விட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள் என்றீர்கள். நல்ல பெண். இப்போது அவன் மாமா வீட்டில் இருக்கிறான். நேற்று நான் போனபோது அவரது மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் பையில் இருந்த காகிதத்தை வைத்து நீங்கள் என்னிடம் வந்தீர்கள். முப்பத்தொரு கடிதம் எழுதினேன் என்று அதில் இருந்ததாம். எண்ணிக்கை சரிதான். ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. மாமா கேட்டால் அச்சடித்துக் கொடுங்கள், வரிசையாக இருக்கும். மறைத்தது நான், தேதி போட்டது நான், லாரியைக் காட்டியது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

செங்கோடனை விசாரித்ததாகச் சொன்னீர்கள். அம்மா உட்கார்ந்திருந்த அன்று மாமாவுக்குக் காய்ச்சல், சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கினார், நான் கை காட்டியது பஸ்ஸுக்கு என்று நினைத்துத் தானேதான் நிறுத்தாமல் ஓட்டிவிட்டதாகச் சொல்கிறானாம். சோறு போட்ட வீட்டுக்காகப் பேசுகிறான், சார். நீங்களும் ஜீப்பில் போகிறவர்தான், சொல்லுங்கள். முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதருக்கு, ரோட்டோரம் காத்திருக்கிற சொந்த இரத்தம் எப்படிக் கண்ணில் படாமல் போகும்?