கதிர்காமநாதனின் கார் தண்டவாளத்தில் நின்ற விதம்

பெயர்: பத்மாசனி சிற்றம்பலம். வயது: 66. தொழில்: ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. முகவரி: வட்டக்கச்சி, கிளிநொச்சி.

கடந்த மார்கழி மாதம் புகையிரதக் கடவையில் நடந்த விபத்துப் பற்றி என் அயலவர் கதிர்காமநாதன் செய்த முறைப்பாட்டில் என்னைத் தன் சாட்சியாகக் குறிப்பிட்டிருப்பதால், விசாரணை அழைப்பின் பேரில் வந்து இதைக் கூறுகிறேன். கடவைக் காவலில் நின்ற சுமித்திரா சிவப்புக் கொடி காட்டவில்லை என்றும், அதனாலேயே தன் கார் அடிபட்டது என்றும் அவர் எழுதியிருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. முறைப்பாடு நிலைத்தால் சுமித்திராவின் வேலை போய்விடும் என்பதை அறிவேன். சுமித்திரா என் உறவினர் அல்ல. என்னிடம் படித்தவரும் அல்ல.

கதிர்காமநாதன் முன்னர் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்தவர். அவருடைய கார் முப்பது வருடங்களுக்கு மேற்பட்டது. மழைக்காலம் தொடங்கியதும் அது காலையில் ஸ்டார்ட் ஆகும். ஆனால் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் நடுங்கி நின்றுவிடும். சூடேறிய பிறகு ஒழுங்காக ஓடும். இதைத் திருத்த அவர் முதலில் காபரேற்றரின் திருகைக் கண்டபடி திருகினார். அதன் பின்னர் புதுப் பிளக்குகள் போட்டார். அதன் பின்னர் கனடாவில் இருக்கும் மருமகன் தொலைபேசியில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, பற்றரி பிழை என்று சொன்னதால் புதுப் பற்றரி போட்டார். மருமகன் அங்கே பேக்கரியில் வேலை செய்பவர். அதன் பின்னர் முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டினார்.

இதற்கிடையில் ஒருநாள் காலை, பொனற் திறந்திருந்தபோது, எஞ்சினுக்குக் காற்றிழுக்கும் பக்கத்தில் சீறுவது போல ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. தடவிப் பார்த்ததில் ஒரு சிறிய இறப்பர் குழாய் வெடித்திருந்தது. இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ரோவில் ஓட்டை இருந்தால் வாய்க்கு இளநீர் குறைந்து காற்றே கூடுதலாக வரும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் இந்தக் காருக்கும் அதுதான் நடந்தது. இன்னொரு உதாரணமும் இருந்தது. விசாரணை உத்தியோகத்தர் சுருக்கமாகச் சொல்லச் சொன்னதால் விடுகிறேன். அந்த வெடிப்பை விரலால் அழுத்திப் பிடித்தேன். எஞ்சின் நடுக்கமின்றி ஓடியது. "இந்தக் குழாயை மாத்துங்கோ, காணும்" என்றேன்.

"ரீச்சர், உது சமைக்கிற குசினி இல்லை, எஞ்சின். கையை எடுங்கோ" என்றார்.

கையை எடுத்தேன். எஞ்சின் நின்றது. அவர் பற்றரியைப் பார்க்கப் போனார்.

சம்பவ தினம் எனக்கு ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். அவரும் நகரத்துக்குப் போவதால் என்னை ஏற்றினார். மழை தூறிக்கொண்டிருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெற்றோல் விடும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தவர், வீட்டுக் கேற்றைத் தாண்ட முன்னரே அதை உள்ளே தள்ளினார். எஞ்சின் சூடேறும் வரை விடும்படி சொன்னேன். "சோக் பெற்றோல் குடிக்கும் ரீச்சர். உங்களுக்கென்ன, ஓசிப் பயணம்" என்றார்.

கடவையில் மேடு இருப்பதால் அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தார். முன்சில்லுகள் தண்டவாளத்தின் நடுவே இருக்கும்போது எஞ்சின் நின்றது. அவர் அக்சிலேற்றரை மிதித்து மிதித்துக் கார்த் திறப்பைச் சுற்ற, பெற்றோல் மணம் எழுந்தது. கியரில் போட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் அந்த இழுவையிலேயே கார் நகரும் என்றேன். "வாயை மூடிக்கொண்டு இருங்கோ" என்றார். அப்போது புகையிரதத்தின் ஊதல் கேட்டது. அதன் பின்னர் அவர் தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கினார். இறங்கியவர் கதவைச் சாத்தவும் மறக்கவில்லை.

என் ஆசனப்பட்டியின் கொக்கி கழலவில்லை. சுமித்திரா ஓடி வந்து என் பக்கக் கதவைத் திறந்து, கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, குனிஞ்சு கீழால வாங்க" என்று சொல்லி, என் அக்குளில் கையைக் கொடுத்துப் பட்டிக்கு அடியால் என்னை உருவி எடுத்தார். இருவரும் சரளைக் கல்லில் விழுந்தோம். என் ஒரு செருப்பு காருக்குள் கிடந்தது. அதன் பின்னர் புகையிரதம் காரின் முன்பக்கத்தில் மோதி அதைப் பக்கத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளியது. சுமித்திராவின் முழங்கையில் இரத்தம் வடிந்தது. கதிர்காமநாதன் அங்கே வந்து, "காரைத் தள்ளியிருக்கலாமெல்லோ? உன்னை என்னத்துக்கு இதில நிப்பாட்டி வைச்சிருக்கு?" என்று கேட்டார். அப்போது நான் அவர் காலடியில் இருந்தேன். எனக்கு அடிபட்டதா என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவர் மனைவி சிவலட்சுமியுடன் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "நீங்கள் கண் கிளினிக்குக்குப் போற ஆள். கொடி ஒண்டும் தெரியேல்லை எண்டு சொன்னால் ஆரும் பிழை பிடிக்க மாட்டினம். இன்சூரன்சுக்கு அது காணும்" என்றார்.

"அப்ப அந்தப் பிள்ளையின்ர வேலை?"

"அதுகள் மலைநாட்டில இருந்து வந்த சனம், ரீச்சர். கூலி வேலை பழக்கம்தானே. எங்கயாவது பிழைச்சுக்கொள்ளும்."

வாழைப்பழத்தைச் சிவலட்சுமியின் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுமித்திரா சிவப்புக் கொடி காட்டியதைக் கண்டீர்களா என உத்தியோகத்தர் இப்போது கேட்டதற்கு என் பதில்: கதிர்காமநாதன் சொன்னது ஒரு விடயத்தில் சரி. என் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருக்கிறது. மழைக் கண்ணாடியூடாக ஒரு உருவம் நின்றது மட்டுமே தெரிந்தது. ஆகவே கொடியைக் கண்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. காணாததைக் கண்டதாகச் சொல்லவும் மாட்டேன். ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். கடவைக்கு ஏறும்போது கதிர்காமநாதன் தன் பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிச் சத்தமாகச் சொன்னது இது: "கொடியை அங்கால எடு பிள்ளை, பெயின்ற் கீறப் போகுது."

நான் கூறியபடியே இது எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் உண்மை. இதில் கூட்டவோ குறைக்கவோ எனக்கு எதுவும் இல்லை.

ஒப்பம்: ப. சிற்றம்பலம்