மேற்குச் சுவரின் இலைப்பாறை

கல்லைச் சுற்றி எடுத்துவர நாளிதழ்தான் நல்லது சார். வார இதழ்த் தாள் வழவழவென்று இருக்கும், கல்லோடு ஒட்டி நிற்காது. இதை எனக்குச் சொன்னவள் ஜுவைரியா.

நாங்கள் இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி பாடம் எடுத்தோம். அவளுக்குப் பழவேற்காடு, எனக்கு மீஞ்சூர். பதினாறு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளை நாங்கள் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. சுத்தியல், உளி, தண்ணீர் பாட்டில், இரண்டு டிபன் பாக்ஸ். அவள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்துதான் இந்த மாவட்டம் முழுக்கப் பார்த்தேன். கல்லூரி மாடியில் பழைய ஸ்டோர் ரூமைக் கேட்டு வாங்கி அருங்காட்சியகம் ஆக்கினோம். இரும்பு ஆலைத் தூசி ஜன்னல் வழியாக வந்து அலமாரிகள்மேல் கறுப்பாகப் படியும். திங்கள்தோறும் நான்தான் துடைப்பேன். மொத்தம் அறுநூற்று நாற்பது கல். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். எனக்கு அவள் இருந்தாள், அந்த அறை இருந்தது.

ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராவல் குவாரி. அதன் மேற்குச் சுவரின் அடியில் வெளிர்மஞ்சள் பாறை, ஏடு ஏடாகப் பிரியும். பிரித்தால் உள்ளே இலை. பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முந்தின இலை, நரம்புகூடத் தெரியும். கண்டுபிடித்தது நான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தன் துப்பட்டாவால் என் முகத்தைத் துடைத்தாள்.

ஆவணியில் குவாரி மேலாளர் சந்திரமோகன் என்னிடம் சொன்னார்.

"மேற்குப் பக்கமும் தோண்ட பர்மிஷன் கேட்டுக்கீறோம் மேடம். அங்க காப்பாத்த வேண்டியது ஒண்ணும் இல்லன்னு ஜியாலஜி படிச்சவங்க யாராச்சும் ரிப்போர்ட் தரணும். உங்க ஜுவைரியா மேடம் எழுதி, கையெழுத்துப் போட்டு, திருவள்ளூர் மைன்ஸ் ஆபீஸுக்கே அனுப்பிட்டாங்களாம். இனிமே பேஜாரு இல்ல."

நான் அவளிடம் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். அவள் வழக்கம்போலச் சிரித்தாள், நண்டுக் குழம்பு கொண்டுவந்தாள், எனக்குப் பெரிய காலாகப் பார்த்து வைத்தாள். துரோகம் செய்கிறவர்கள் இவ்வளவு சாதாரணமாக இருப்பார்கள் என்பது எனக்குப் புதிது.

அந்த வாரம் நல்ல மழை. ஞாயிறு, குவாரியில் ஆள் இல்லை. வேலையை ஆரம்பிக்கும் முன் ஒருவர் மேலே ஏறிச் சுவரைப் பார்த்துவிட்டு வருவது எங்கள் ஒழுங்கு. நான் ஏறினேன். விளிம்பிலிருந்து நாலடி உள்ளே நீளமாக விரிசல். மூன்று விரல் நுழைந்தது. நோட்டில் நேரத்தோடு குறித்தேன், 10.50. அந்த நோட்டு உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது.

கீழே வந்தேன்.

"இன்னாடி, காத்தாலேர்ந்து உம்முனு கீறே?" என்றாள் ஜுவைரியா. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சாப்புடும்போது சொல்றேன். மேல எப்படிகீது?"

"நல்லாத்தான் இருக்கு. அடியில இடது ஓரமா முழு இலை ஒண்ணு தெரியுது. நீ போய் எடு, எனக்கு முட்டி வலி."

அரைமணி நேரம் மண்டியிட்டு வேலை செய்தாள். ஒரு ஏட்டைப் பெயர்த்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு மறுபடி உள்ளே குனிந்தாள். அப்போது சரிந்தது. பெரிய சத்தம் இல்லை, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம்தான். அடங்கியதும் பார்த்தேன். நெஞ்சுவரை புதைந்திருந்தாள். முகம் தெரிந்தது.

"ஷைனி, மூச்சு வுட முடியல. ஆளக் கூப்புடு."

"கூப்பிடுறேன்" என்றேன்.

போனில் சிக்னல் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்தேன். இப்போதாவது உண்மையைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. அவள் தள்ளி வைத்த ஏட்டில் இலை உடையாமல் இருந்தது. எண் எழுதி ஒட்டினேன், 641. ஒன்றேகாலுக்குச் சந்திரமோகனுக்குப் போன் செய்தேன்.

நேற்று நீங்கள் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினீர்கள். அவள் கையெழுத்துதான். மேற்குச் சுவரில் கைவைக்கக் கூடாது, வேலி போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். கண்டுபிடித்தவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறாள். தடை உத்தரவு கைக்கு வந்ததும் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்த இருந்தாளாம். அந்த ஞாயிறுக்கு முந்தின நாள்தான் உத்தரவு வந்ததாம். அவள் தங்கை சாயிரா பானு சொன்னதாகச் சொன்னீர்கள்.

விரிசல் தெரிந்தேதான் அவளை அனுப்பினேன் சார். உயிர் இருக்கும்போது போன் செய்யாமல் இருந்ததும் நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பதினாறு வருஷம் கூடவே இருந்தவள், இவ்வளவு பெரிய விஷயத்தை மூன்று வாரம் என்னிடம் மறைத்தாள். அதைத்தான் நான் துரோகம் என்கிறேன்.